மாடியில் மாட்டும் 5ஜி பெட்டி: எட்டு மாதம் பயன்படுத்திய பிறகு

மேலூர் சுற்றுக் கிராமங்களில் இருபது வருஷம் வீடு வீடாக ஏறி டிவி ஆன்டெனா கட்டியவன் நான். கொடைக்கானல் கோபுரத்தைப் பார்த்து, மேற்கே கொஞ்சம் வடக்கு ஒதுங்கினாற்போல் திருப்பி போல்ட்டை முறுக்கினால் படம் நிற்கும். கேபிளும் டிஷ்ஷும் வந்தபின் அந்த வேலை போய்விட்டது. இப்போது என் மாடியிலேயே மறுபடி ஓர் ஆன்டெனா நிற்கிறது. செங்கல்லைவிடக் கொஞ்சம் பெரிய வெள்ளைப் பெட்டி, ஒயர் இழுக்காமல் வீட்டுக்கு இன்டர்நெட் கொடுக்கும் 5ஜி இணைப்பு. எந்த நிறுவனம் என்று எழுதப்போவதில்லை. மாட்டும் முறை எல்லாவற்றுக்கும் ஒன்றுதான், நான் சொல்ல வந்ததும் அதைப் பற்றித்தான்.

முதலில் பொருளைச் சொல்கிறேன். பொருள் அருமை. மூன்று வருஷம் முன்பு மதுரை டவுன்ஹால் ரோட்டில் வாங்கிய வெளி ஆன்டெனாவை 4ஜி ரூட்டரில் சொருகிப் பார்த்திருக்கிறேன். ஆன்டெனா நல்லதுதான். அதிலிருந்து கீழே வரை பத்து மீட்டர் மெல்லிய கோஆக்சியல் ஒயர். 2300 மெகாஹெர்ட்ஸில் அந்த ஒயர் மீட்டருக்குக் கிட்டத்தட்ட ஒரு டிபி (சிக்னல் ஏறி இறங்குவதை அளக்கும் டெசிபெல்) தின்றுவிடும். பத்து மீட்டருக்குப் பத்து டிபி, அதாவது மேலே பிடித்ததில் பத்தில் ஒரு பங்குதான் கீழே வந்தது. இந்தப் புதுப் பெட்டியில் ரேடியோவும் ஆன்டெனாவும் ஒரே கூட்டுக்குள் ஒட்டி இருக்கின்றன. கீழே வருவது வெறும் லேன் ஒயர், அதிலேயே கரண்டும் மேலே ஏறுகிறது. பத்து மீட்டர் கூடினாலும் சிக்னல் குறையாது. பழுதான பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்கித் திறந்து பார்த்தேன். குழாயும் இல்லை, கம்பியும் இல்லை; பலகையில் ஒட்டிய சதுரச் செம்புத் தகடுகள். நாங்கள் கட்டிய டிவி அலையின் நீளம் மீட்டர் கணக்கு. 3500 மெகாஹெர்ட்ஸ் அலை எட்டரை சென்டிமீட்டர்தான். அதில் பாதி, கட்டைவிரல் நீளம்கூட வராது. அதனால்தான் இத்தனை ஆன்டெனா இந்தச் சின்னக் கூட்டுக்குள் அடங்குகிறது.

மாட்ட வந்த தம்பி மரியாதையான பையன், சொன்ன நேரத்துக்கு வந்தார். ஆனால் இருபதே நிமிஷத்தில் இறங்கிவிட்டார். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு பைப் இருந்தது, அதிலேயே கிளாம்ப் போட்டுவிட்டார். “டவர் எந்தப் பக்கம் தம்பி?” என்று கேட்டேன். “அதுவே தேடி எடுத்துக்கும்யா, ஒண்ணும் பிரச்சினை இல்ல” என்றார்.

அன்றிலிருந்து ஒரு விசித்திரம். காலை ஏழு மணிக்கு மேல் நெட் இழுக்கும், சாயங்காலம் நன்றாக ஓடும். ஊரெல்லாம் சாயங்காலம்தான் நெருக்கடி, இங்கே தலைகீழ். கஸ்டமர் கேருக்கு மூன்று முறை போன் போட்டேன். “டவர் பிஸி சார்” என்று மூன்று முறையும் அதே பதில். நான் நம்பவில்லை. பெட்டியின் செட்டிங் பக்கத்தில் சிக்னல் அளவு எண்ணாகத் தெரியும். ஒரு நோட்டை எடுத்து மூன்று நாள், மணிக்கு ஒரு தடவை எழுதினேன். காலை மைனஸ் 118, சாயங்காலம் மைனஸ் 109; மைனஸுக்குப் பின்னால் வரும் எண் சிறிதாக ஆக சிக்னல் பலம். மூன்று நாளும் இதே கதை. மூன்றாம் நாள் காலை மாடியில் நின்று எழுதிக்கொண்டிருக்கும்போது, மோட்டார் ஓடித் தொட்டி நிரம்பி வழிகிற சத்தம் கேட்டது. அப்போதுதான் உறைத்தது. ஆயிரம் லிட்டர் தண்ணீர் டவருக்கும் பெட்டிக்கும் நடுவே சுவராக நிற்கிறது! இந்த அலைவரிசை தண்ணீரைத் தாண்டாது. நாள் முழுக்கத் தண்ணீர் செலவாக ஆக வழி திறக்கிறது.

மாடியின் மறுமூலையில் என் பழைய கொடைக்கானல் ஆன்டெனா நின்ற ஜிஐ பைப் துருவேறாமல் அப்படியே இருந்தது. பெட்டியைக் கழற்றி அதில் ஏற்றி, பைப்பை விரல் அளவு விரல் அளவாகத் திருப்பினேன். கல்லூரியில் இசிஇ படிக்கும் பேத்தி கீழே போனில் எண்ணைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்: “நூத்தி நாலு... தொண்ணூத்தெட்டு... தாத்தா, அங்கயே நிறுத்துங்க, தொண்ணூத்தி நாலு!” மைனஸ் 109க்கும் மைனஸ் 94க்கும் இடையே 15 டிபி. சக்தியில் முப்பது மடங்கு. மாதக் கட்டணம் அதே, பெட்டி அதே.

அந்தத் தம்பி சொன்னது முழுக்கத் தப்பும் இல்லை. தேடிப் பிடிக்கிற வேலை டவரில் நடக்கிறது. 5ஜி பேனலில் 64 அனுப்பிகள் வரை இருக்கும். ஒவ்வொன்றையும் இம்மியளவு முன்பின்னாகப் பேச விட்டால், எல்லா அலையும் ஒரு திசையில் மட்டும் சேர்ந்து வலுக்கும். தேர் வடத்தை எல்லோரும் ஒரே மூச்சில் இழுப்பது மாதிரி. போல்ட்டை முறுக்காமலே கதிர் நம் வீட்டுப் பக்கம் திரும்புகிறது. “தாத்தா, நீங்க கையால செஞ்சத இப்ப கணக்கு செய்யுது” என்றாள் பேத்தி. எனக்கு உடம்பு சிலிர்த்தது, உண்மையாகவே. நாங்கள் யாகி யாகி என்று சொன்ன ஆன்டெனாவை 1926இல் ஜப்பானில் உருவாக்கியதில் உடா என்பவருக்குத்தான் பெரும்பங்கு என்பதும் அவள் சொல்லித்தான் தெரியும். இத்தனை வருஷம் அந்தப் பெயரைச் சொல்லாமலே சோறு தின்றிருக்கிறேன்.

ஆனால் டவர் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் பெட்டியைக் காப்பாற்ற முடியாது. அதை மாட்டுகிற கைதான் பார்க்க வேண்டும்.

இதே சேவையில் 26 கிகாஹெர்ட்ஸ் என்று யாராவது ஆசை காட்டினால் கிராமத்துக்காரர்கள் யோசியுங்கள். அலை ஒரு சென்டிமீட்டர் சொச்சம். வேகம் கொட்டும், ஆனால் குறுக்கே ஒரு வேப்பங்கிளை வந்தால் போச்சு. பஸ் ஸ்டாண்டு, ஸ்டேடியம் மாதிரி இடத்துக்குத்தான் அது சரி. ஜெகதீஷ் சந்திர போஸ் கொல்கத்தாவில் 1890களிலேயே இதுபோன்ற மிகச் சின்ன, மில்லிமீட்டர் அலைகளை வைத்துச் சோதனை செய்துகாட்டியவர். நூறு வருஷத்துக்கு மேல் கழித்து அது நம் தெருவுக்கு வருகிறது.

அடுத்து 6ஜி. அதற்கான உலக வரைச்சட்டத்தை ஐடியு என்கிற சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2023இல் வகுத்துவிட்டது. அதையொட்டி ஆராய்கிற ஒன்று எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. சுவரில் ஒட்டும் தகடு, தானாக எதையும் அனுப்பாது, விழுகிற அலையைக் கண்ணாடி மாதிரி வேண்டிய பக்கம் திருப்பிவிடும். பாறைக்கு மறுபுறம் இருக்கிற எங்கள் காலனிக்கு அப்படி ஒன்று வந்தால் புண்ணியம். ஒரே வேண்டுகோள்: எங்கள் பக்கத்துப் பாறைகளில் சமணர் படுக்கையும் தமிழிக் கல்வெட்டும் இருக்கின்றன. அவற்றில் ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது.

குறை இரண்டு. கரண்ட் போனால் நெட்டும் போகும். பேட்டரி பேக்கப் நானே வாங்கினேன். எர்த் போடாமல் போனார்கள். இடி விழுகிற ஊரில் இது பெரிய தவறு, பைப்புக்கு நானே எர்த் இழுத்தேன். பொருளுக்கு ஐந்துக்கு நாலரை, மாட்டிய வேலைக்கு இரண்டு.

வாங்குகிறவர்கள், மாட்டுகிற தம்பி ஏணியிலிருந்து இறங்கும் முன் அந்த எண் பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். மாடியில் நாலு மூலையிலும் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் சந்தோஷமாகச் செய்வார்கள். எனக்கு இன்னும் ஒரு வேலை பாக்கி: டவர் பக்கம் நீண்டிருக்கும் வேப்பங்கிளையை ஐப்பசி மழைக்கு முன்னால் கழிக்க வேண்டும். நனைந்த இலை நாலு டிபி தின்கிறது.