இலவசக் கண் முகாம் என்று நம்பிப் போனோம், 18,500 ரூபாய் பறிபோனது

வருகிற ஞாயிற்றுக்கிழமை பக்கத்து ஊரில் அதே முகாம் என்று இன்று காலை நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். அதைப் பார்த்த ஆத்திரத்தில்தான் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் கல்வராயன் மலையடிவாரத்தில் இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் காய்ச்சலுக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை கிடைக்கும். கண் அறுவைக்கு இரண்டு பஸ் மாறி அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். கூடப் போகிறவருக்கு இரண்டு நாள் கூலி போய்விடும். இதனாலேயே அம்மாவின் கண்புரையை ஒரு வருடம் தள்ளிப்போட்டோம். அரிசியில் கல் தெரியாமல் கையால் துழாவுவார்.

அந்த நேரத்தில்தான் நகரத்துத் தனியார் கண் மருத்துவமனை ஒன்றின் வேன் பள்ளிக்கூடத்து வாசலில் வந்து நின்றது. அறுவை, லென்ஸ், சாப்பாடு, போக்குவரத்து எல்லாம் இலவசம் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். ஆதார், ரேஷன் கார்டு ஜெராக்ஸ் வாங்கிக்கொண்டார்கள். "இலவச அறுவை சிகிச்சை" என்று அச்சிட்ட தாளில் அம்மா கைநாட்டு வைத்தார். வேனில் ஏறும்போது அம்மாவின் செருப்பு கழன்று விழுந்தது. முகாம் பையன் குனிந்து எடுத்து, "காலைக் கொடுங்கள் பாட்டி" என்று தானே மாட்டிவிட்டான். பெற்ற பிள்ளை போலப் பார்க்கிறார்களே என்று நினைத்தேன். அதன் பிறகு எதையும் கேட்கத் தோன்றவில்லை.

மறுநாள் காலை அம்மாவின் புருவத்துக்கு மேல் பெயர் எழுதிய பிளாஸ்திரியை ஒட்டி, பச்சை அங்கி போட்டு, சொட்டு மருந்து விட்டு பெஞ்சில் உட்கார வைத்த பிறகு என்னைக் கவுண்டருக்குக் கூப்பிட்டார்கள்.

"இலவச லென்ஸ் சாதாரணமானது. அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறது, புண் ஆறாது. சின்னத் துளை வழியாக உள்ளே வைக்கிற மடக்கும் லென்ஸ் வைத்தால் 18,500. விருப்பமில்லை என்றால் அழைத்துப் போகலாம்."

மருந்து விட்ட கண்ணோடு எதிரே நிற்பது யார் என்றுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருக்கிற தாயை எங்கே அழைத்துப் போவது? சர்க்கரை இருப்பது முகாமிலேயே பரிசோதித்துத் தெரிந்த விஷயம். ஊரில் வைத்தே சொல்லியிருக்கலாமே! என் மனைவி தோட்டைக் கழற்றிக் கொடுத்தாள். அடகு வைத்து 18,500 ரூபாய் கட்டினேன். ரசீது என்று கொடுத்தது தொகையும் ஒரு கிறுக்கலும் மட்டும் இருந்த துண்டுச் சீட்டு.

நான்காம் நாள் கண் சிவந்து நீர் வடிந்தது. தொலைபேசியில் அழைத்தேன். "முகாம் பிரிவைக் கேளுங்கள்" என்றார்கள். முகாம் பிரிவோ, "பணம் கட்டிவிட்டீர்கள், அதனால் நீங்கள் முகாம் நோயாளி இல்லை" என்றது. நேரில் போனால் மேலாளர் வெளியூர். அடுத்த நாளும் வெளியூர். பிறகு என் எண்ணிலிருந்து அழைத்தால் எடுப்பதே இல்லை.

கடைசியில், முதலிலேயே போயிருக்க வேண்டிய அரசு மருத்துவமனைக்குப் போனோம். மருந்து கொடுத்தார்கள், சிவப்பு குறைந்து வருகிறது. சீட்டைப் புரட்டிய மருத்துவர், "லென்ஸ் ஸ்டிக்கர் எங்கே?" என்று கேட்டார். எந்த நிறுவனம், என்ன பவர், என்ன எண் என்ற விவரத்தோடு லென்ஸுடன் வரும் ஸ்டிக்கரை டிஸ்சார்ஜ் சீட்டில் ஒட்ட வேண்டுமாம். எங்கள் சீட்டில் அந்த இடம் வெறுமையாக இருந்தது. 18,500 ரூபாய்க்கு எந்த லென்ஸ் வைத்தார்கள் என்பதற்கே அத்தாட்சி இல்லை. அரசு மருத்துவமனையில் அறுவைக்கும் லென்ஸுக்கும் ஒரு பைசா வாங்குவதில்லை என்பதும் அன்றுதான் உறைத்தது.

விவரமாக யோசனை சொல்ல நினைத்தேன், மனம் ஒரு நிலையில் இல்லை. வேனில் ஏறும் முன் "வேறு பணம் கேட்க மாட்டோம்" என்று எழுதி வாங்குங்கள். மருந்து விட்ட பிறகு பணம் கேட்டால் அங்கேயே அரசின் மருத்துவ உதவி எண் 104-க்கு அழையுங்கள். அச்சிட்ட பில்லும் லென்ஸ் ஸ்டிக்கரும் இல்லாமல் வெளியே வராதீர்கள். அறுவை செய்த கண் சிவந்தால் அவர்கள் பதிலுக்காக ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள்.

மாவட்ட மருத்துவ இணை இயக்குநர் அலுவலகத்துக்குத் துண்டுச் சீட்டின் நகலோடு புகார் எழுதி வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை கொடுக்கிறேன். அதற்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை வந்துவிடும். பக்கத்து ஊரில் உறவினர் இருப்பவர்கள் இன்றே சொல்லிவிடுங்கள்.