கோப்பின் பெயரும் இருப்பிடமும்: விண்டோஸிலும் லினக்ஸிலும் என் நீண்டநாள் அனுபவம்

விண்டோஸ், லினக்ஸ் இரண்டையும் பல ஆண்டுகளாக அன்றாட வேலைக்குப் பயன்படுத்தி வருகிறேன். ஓர் இயங்குதளத்தின் தோற்றம் சில வாரங்களில் பழகிவிடும். ஆனால் அது கோப்பைத் தானாக எங்கே சேமிக்கிறது, எந்தப் பெயரை ஏற்கிறது, எதை மறுக்கிறது என்பவை கணினியைப் பயன்படுத்தும் காலம் முழுவதும் நம்மைப் பாதிக்கின்றன.

விண்டோஸ், டாக்குமெண்ட்ஸ், டவுன்லோட்ஸ் முதலிய கோப்புறைகளைச் சி டிரைவில், நமது பயனர் பெயரின் கீழ் வைக்கிறது. அந்த டிரைவை அழித்து விண்டோஸை மீண்டும் நிறுவினால், நம் கோப்புகளும் உடன் போய்விடும். எனவே புதுக் கணினி வந்தவுடன், டாக்குமெண்ட்ஸின் பிராப்பர்ட்டீஸில் உள்ள லொகேஷன் பகுதிக்குச் சென்று, அதை வேறு டிரைவுக்கு மாற்றிவிடுகிறேன். இவ்வாறு மாற்றினால், இயங்குதளத்திடம் இடத்தைக் கேட்டறியும் செயலிகள் அனைத்தும் புதிய இடத்தையே தாமாகப் பின்பற்றுகின்றன. லினக்ஸில் நிறுவும்போதே, நம் கோப்புகள் இருக்கும் ஹோம் கோப்புறையைத் தனிப் பார்ட்டிஷனில் (வட்டின் தனிப் பிரிவில்) வைக்க முடிகிறது. இந்த ஏற்பாடே எனக்கு மிகவும் பிடித்தது.

கோப்பின் நீட்சிப் பெயரை (வகையைக் காட்டும் .pdf, .exe போன்ற கடைசிப் பகுதியை) விண்டோஸ் இயல்பாகவே மறைத்து வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. பிடிஎஃப் ஆவணம் போலப் பெயர் சூட்டப்பட்ட ஒரு நிரலை, அதன் உண்மை வகை தெரியாமல் திறந்துவிட இது வழி செய்கிறது.

பெயரிடுவதில் லினக்ஸ் தாராளமானது. சாய்கோட்டை (/) தவிர ஏறக்குறைய எல்லாக் குறிகளையும் ஏற்கும். விண்டோஸ் முக்காற்புள்ளி (:), கேள்விக்குறி, நட்சத்திரக்குறி உட்பட 9 குறிகளை மறுக்கிறது. 10:30 என்று நேரமிட்டு லினக்ஸில் சேமித்த கோப்பு விண்டோஸுக்கு மாறும்போது சிக்கல் தருவதால், எங்கே வேலை செய்தாலும் விண்டோஸின் விதிப்படியே பெயரிடுகிறேன்.

தமிழில் பெயரிடுவோர் கவனிக்க வேண்டியது வேறொன்று உண்டு. விண்டோஸ் வட்டில் கோப்புகளை அடுக்கிவைக்கும் முறையான என்டிஎஃப்எஸ் அமைப்பில் பெயரின் உச்சவரம்பு 255 குறியீடுகள் (ஓர் எழுத்தையோ உயிர்க்குறியையோ குறிக்கும் கணினி எண்கள்). லினக்ஸில் அதே வேலையைச் செய்யும் இஎக்ஸ்டி4 அமைப்பில் 255 பைட்டுகள். குறியீடுகளைப் பைட்டுகளாக எழுதும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட்டுகளை எடுப்பதால், அங்கே 85 குறியீடுகளுக்கு மேல் இடமில்லை; 'கொ' என்பதற்கே 'க', அதன் உயிர்க்குறி என இரண்டு குறியீடுகள் செலவாகும். விண்டோஸில் நீண்ட தமிழ்த் தலைப்போடு சேமித்த இணையப் பக்கங்கள் லினக்ஸுக்கு நகலாக மறுப்பதன் காரணம் இதுதான். மேலும், 'கொ'வின் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். ஒற்றைக் கொம்பு, கால் என இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, ஆனால் இயங்குதளத்துக்கு அவை வெவ்வேறு பெயர்கள். அதனால் ஒரே கோப்புறையில் ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் தோன்றலாம். தேடும்போது ஒன்று மட்டும் அகப்படாமலும் போகலாம்.

இத்தனைக்குப் பிறகும் நான் தமிழிலேயே பெயரிடுகிறேன்: சுருக்கமாக, ஒரே விசைப்பலகை முறையில் தட்டச்சு செய்து, 2024-03-05 என்பதுபோல் ஆண்டை முன்வைத்த தேதியோடு. பெயர்வாரியாக அடுக்கினாலே கால வரிசை கிடைத்துவிடுகிறது.