முகாமையாளரை எதைக்கொண்டு அளப்பது: பணிகளா, திறன்களா, வகிபாகங்களா?

கொழும்பில் நடுத்தர நிறுவனமொன்றில் கிளை முகாமையாளர் பதவியோ களஞ்சியப் பொறுப்பாளர் பதவியோ வெற்றிடமானால், ஆள் தேடுபவர்கள் பெரும்பாலும் பழகிய ஒரே அளவுகோலைத்தான் கையில் எடுக்கிறார்கள். க.பொ.த. உயர்தர வணிகக் கல்வியில் மனப்பாடம் செய்த திட்டமிடல், ஒழுங்கமைத்தல், நெறிப்படுத்தல், கட்டுப்படுத்தல் என்னும் நான்கு பணிகளும் நேர்முகத் தேர்வின் புள்ளித் தாளிலும் ஆண்டிறுதி மதிப்பீட்டுப் படிவத்திலும் அப்படியே தலைப்புகளாகி விடுகின்றன. ஆனால் முகாமையாளரை விளங்கிக்கொள்வதற்கு இதற்குப் போட்டியாக வேறு இரண்டு வழிகளும் உள்ளன. அவரிடம் இருக்கும் திறன்களை வைத்துப் பார்ப்பது ஒன்று. அவர் நாள் முழுவதும் ஏற்கும் வகிபாகங்களை வைத்துப் பார்ப்பது மற்றொன்று. ஆள் ஒருவரே என்றாலும் மூன்று வழிகளும் விடை சொல்லும் கேள்விகள் வேறு. எந்தக் கேள்விக்கு எதைப் பயன்படுத்துவது என்பதில் தெளிவில்லாமல் போவதால்தான், திறமையான ஊழியர்கள் பொருந்தாத பதவிகளில் அமர்த்தப்பட்டு, இரண்டே வருடத்தில் அந்தப் பதவியும் போய், முன்பு செய்த வேலையில் இருந்த பற்றும் போய் நிற்கிறார்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

பணிகளை முன்வைத்தவர் பிரெஞ்சுச் சுரங்கப் பொறியியலாளரான ஹென்றி பயோல். 1888இல் வங்குரோத்தின் விளிம்பில் இருந்த சுரங்க, உலோக நிறுவனமொன்றின் தலைமையை ஏற்று, 1918இல் அதை வலுவான நிலையில் ஒப்படைத்துவிட்டு விலகியவர் அவர். 1916இல் வெளியிட்ட நூலில் நிர்வாகத்தைத் திட்டமிடல், ஒழுங்கமைத்தல், கட்டளையிடல், இணைப்பாக்கம், கட்டுப்படுத்தல் என ஐந்தாகப் பிரித்தார். பின்வந்த பாடநூல்கள் கட்டளையிடலை நெறிப்படுத்தல் என்று மென்மையாக்கி, இணைப்பாக்கத்தை மற்றவற்றுக்குள் கரைத்து, நான்காகச் சுருக்கின.

இந்தப் பட்டியலின் பெரும்பலம், எது விடுபட்டிருக்கிறது என்பதைக் காட்டிக்கொடுப்பதுதான். புறக்கோட்டையில் முதலாளியே முன்னின்று நடத்தும் மொத்த வியாபார நிலையங்கள் பலவற்றில், எந்தப் பொருளை எவ்வளவு இறக்குவது என்பதை முதலாளி தீர்மானிப்பார். யாரை வேலைக்கு எடுப்பது, யாரை எந்தக் கடைக்கு அனுப்புவது என்பதும் அவர் வாய்ச்சொல்லே. முகாமையாளர் என்ற பெயருடன் இருப்பவரிடம் எஞ்சுவது மாத இறுதியில் கையிருப்புக் கணக்கில் வரும் குறைவுக்குப் பதில் சொல்வது மட்டுமே. அதாவது நான்கில் ஒன்றான கட்டுப்படுத்தல் மட்டும் அவரிடம் தரப்பட்டு, நான்குக்கும் அவர் பொறுப்பாளியாக்கப்படுகிறார். பதவியின் கடமைகளையும் நான்கு பணிகளையும் ஒரே தாளில் அருகருகே எழுதிப் பார்த்தால் இந்தக் கோளாறு உடனே புலப்படும். வேறு எந்தச் சட்டகமும் இதை இவ்வளவு விரைவாகக் காட்டாது.

ஆனால் பதவிக்கு யார் பொருத்தமானவர் என்ற கேள்விக்கு இந்தப் பட்டியல் ஏறக்குறைய ஊமையாகி விடுகிறது. திட்டமிடுவீர்களா என்று கேட்டால் திட்டமிட மாட்டேன் என்று சொல்லும் விண்ணப்பதாரர் எவரும் இல்லை. பாடநூலைச் சரியாக ஒப்புவிப்பவருக்குப் புள்ளி கிடைக்கும். ஒப்புவிக்கத் தெரியாமல், பத்து வருடமாகக் களஞ்சியத்தைக் குறையில்லாமல் நடத்தி வருபவர் பின்தள்ளப்படுவார்.

இந்த இடத்தில்தான் அமெரிக்க முகாமைத்துவ அறிஞர் ரொபர்ட் கட்ஸ் 1955இல் எழுதிய கட்டுரை உதவுகிறது. நல்ல நிர்வாகியிடம் பிறவிக் குணங்களைத் தேடிக்கொண்டிருப்பதை விட்டுவிட்டு, அவரால் எதைச் செய்ய முடிகிறது என்று பார்க்க வேண்டும் என்று வாதிட்ட அவர், தொழில்நுட்பத் திறன், மனிதத் திறன், நிறுவனத்தை முழுமையாகக் கண்டு அதன் பகுதிகளை இணைத்துப் பார்க்கும் எண்ணக்கருசார் திறன் என மூன்றைக் குறிப்பிட்டார். கீழ்மட்டத்தில் தொழில்நுட்பத் திறனும் மேல்மட்டத்தில் எண்ணக்கருசார் திறனும் முதன்மை பெறும் என்பதும், மனிதத் திறன் எல்லா மட்டங்களிலும் இன்றியமையாதது என்பதும் அவருடைய கருத்து. மேலே செல்லச் செல்லத் தொழில்நுட்ப ஆற்றலின் பங்கு குறைந்து நிர்வாக ஆற்றலின் பங்கு கூடும் என்று பயோலும் தம் நூலில் எழுதியிருக்கிறார் என்பதை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். பாடநூல்கள் அவருடைய பணிப் பட்டியலை மட்டும் எடுத்துக்கொண்டு இதைப் பின்னுக்குத் தள்ளியது வருந்தத்தக்கது.

தொழில்நுட்பத் திறனைச் சோதிப்பது எளிது. கொழும்பில் ஒரு கடையின் முகாமையாளருக்கு 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் விதிக்கும் வேலை நேரமும் விடுமுறையும் தெரிந்திருக்க வேண்டும். ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியரிடமிருந்து 8 வீதமும் தொழில் வழங்குநரிடமிருந்து 12 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் செலுத்த வேண்டும் என்பது தெரிந்திருக்க வேண்டும். அரை மணி நேர எழுத்துப் பரீட்சையில் இவை வெளிப்பட்டுவிடும்.

மனிதத் திறன் அப்படிப்பட்டதன்று. காலை பத்து மணிக்குக் கெய்சர் வீதியில் சரக்கு லொறி ஒன்று பாதையை மறித்து நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூட்டைக்கு இவ்வளவு கூலி தராவிட்டால் தோள் கொடுக்க மாட்டோம் என்று சுமை தூக்கும் நாட்டாமைமார் கைகட்டி நிற்கிறார்கள். தன் வாசல் அடைபட்டதால் எதிர்க்கடை நானா கோபத்தில் இருக்கிறார். அடுத்த இடத்துக்குப் போக வேண்டிய சாரதி பொறுமையிழந்து ஹோனை அழுத்துகிறார். சாரதியைச் சிங்களத்தில் ‘ஐயே’ என்று அழைத்து லொறியைச் சற்று முன்னே எடுக்கச் சொல்லி, நாட்டாமைமாரில் மூத்தவரை ‘அண்ணே’ என்று தனியே கூப்பிட்டு, இன்றைய கூலியை இப்போதும் வரும் மாதக் கூலியை மாலையிலும் பேசுவோம் என்று முடித்து, நானாவிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வருபவருக்குக் கால் மணி நேரம் போதும். அதே இடத்தில் மூவரிடமும் ஒரே மொழியில் ஒரே தொனியில் கட்டளையிடுபவருக்கு மதியம் வரை பாதை திறக்காது. கொழும்பில் மனிதத் திறன் என்பதில் பாதி மொழித்திறன். அலுவலகத்தில் ஆங்கிலமும் களஞ்சியத்தில் தமிழும் வீதியில் சிங்களமுமாக நாள் ஓடும் நகரத்தில் ஒரு மொழியோடு நிற்பவர் தம் ஊழியர்களில் ஒரு பகுதியினரை ஒருபோதும் அறிந்துகொள்ள மாட்டார்.

எண்ணக்கருசார் திறன் என்பதைப் பலர் மேல்மாடி அலுவலகங்களுக்கு மட்டும் உரியதாக எண்ணுகிறார்கள். 2022 அந்த எண்ணத்தைக் கலைத்தது. அவ்வாண்டு மார்ச் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாயாக இருந்த அமெரிக்க டொலர் மே மாதத்தில் 360 ரூபாயைத் தாண்டியது. வங்கிகளிடம் டொலர் இல்லாததால், இறக்குமதிப் பணத்துக்கு வங்கி உத்தரவாதம் தரும் எல்.சி. எனப்படும் கடன் கடிதத்தைத் திறக்க முடியாமல் இறக்குமதியாளர்கள் தவித்தார்கள். அந்த நேரத்தில் ஒரு விற்பனைப் பொறுப்பாளர் விலைப் பட்டியலை மட்டும் மாற்றிவிட்டு, கண்டிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் வழக்கம்போல இரண்டு மாதப் பின்திகதியிட்ட காசோலைக்குச் சரக்கை அனுப்பியிருந்தால், காசோலை மாறும் நாளில் அந்தப் பணத்துக்கு அதே அளவு சரக்கை மீண்டும் வாங்க முடிந்திருக்காது. நாணய வீழ்ச்சி, அடுத்த கொள்கலன் வராமை, கடன் தவணை ஆகிய மூன்றையும் ஒரே கோட்டில் இணைத்துப் பார்த்து, இலாபம் குறைந்தாலும் பரவாயில்லை, கடன் நாட்களைக் குறைக்க வேண்டும் என்று முதலாளியிடம் துணிந்து சொல்வதற்கு வேண்டியது இந்தத் திறன்தான். 1974இல் தம் கட்டுரையை மீளாய்வு செய்த கட்ஸ், இத்திறனை வயது போனபின் எளிதில் கற்பித்துவிட முடியாது என்ற பக்கம் சாய்ந்தார். ஆகவே இதைப் பயிற்சியில் வளர்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைக்காமல், தெரிவு செய்யும்போதே தேடுவது புத்திசாலித்தனம்.

மூன்றாவது வழி கனேடிய முகாமைத்துவ அறிஞர் ஹென்றி மின்ட்ஸ்பெர்க்குடையது. ஐந்து தலைமை நிர்வாகிகளை நேரில் அவதானித்து, 1973இல் வெளியிட்ட நூலில், ஆளிடைத் தொடர்பு, தகவல், தீர்மானம் என்னும் மூன்று தொகுதிகளுக்குள், தலைவர், தொடர்பாளர், பேரம் பேசுபவர் போன்ற பத்து வகிபாகங்களை அவர் வரையறுத்தார். அந்த நிர்வாகிகள் ஈடுபட்ட கருமங்களில் பாதி ஒன்பது நிமிடத்துக்கும் குறைவாகவே நீடித்தன. அமைதியாக அமர்ந்து திட்டமிடும் முகாமையாளர் என்ற சித்திரத்தை இது உடைத்தது. மூன்றிலும் உண்மைக்கு மிக அருகில் இருப்பது இதுவே என்பதில் எனக்கு ஐயமில்லை; மேலே சொன்ன லொறிக் காட்சி முழுவதும் இதற்குள் அடங்கும். ஆயினும், புதிதாகப் பதவியேற்கும் ஒருவரிடம் பத்து வகிபாகங்களையும் கொடுத்து அனுப்பினால், நாள் எப்படிச் சிதறும் என்று அவர் அறிவாரே தவிர, எதைச் செம்மையாகச் செய்ய வேண்டும் என்று அறிய மாட்டார்.

அமெரிக்க ஆய்வாளர் பிரெட் லூதன்ஸ் குழுவினர் 1988இல் வெளியிட்ட ஆய்வு இங்கே ஓர் எச்சரிக்கை. விரைவாகப் பதவியுயர்வு பெற்ற முகாமையாளர்கள் தம் நேரத்தில் 48 வீதத்தைத் தொடர்புகளை வளர்ப்பதில் செலவிட்டார்கள். தம் பிரிவை நன்றாக நடத்தியவர்கள் அதற்குச் செலவிட்டது 11 வீதம் மட்டுமே. பின்னவர்களின் நேரத்தில் 44 வீதம் அன்றாடத் தொடர்பாடலிலும், 26 வீதம் ஊழியர்களை ஊக்குவித்தல், பயிற்றுவித்தல் போன்ற மனிதவளக் கருமங்களிலும் சென்றது. மேலதிகாரிகளின் கண்ணில் அடிக்கடி படுபவரே தகுதியானவர் என்று கொள்வது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஒரே ஆளை மூன்று வழிகளிலும் நிறுத்திப் பார்ப்போம். அதிக விற்பனை செய்தவரைக் கிளை முகாமையாளராக்குவது இங்கே வழமை. பணிப் பட்டியலில் அவர் தேறிவிடுவார், ஏனெனில் இலக்கு வைத்து அதை எட்டியவர். வகிபாகப் பட்டியலிலும் தேறுவார், ஏனெனில் ஊரெல்லாம் அவருக்குப் பழக்கம். திறன்களின் முன் நிறுத்தும்போதுதான், வாடிக்கையாளரை இணங்க வைக்கும் ஆற்றல் அவரிடம் இருக்கிறது, தனக்குக் கீழே இருப்பவர் விற்று வருவதைப் பார்த்து மகிழும் மனம் இருக்கிறதா என்ற கேள்வி எழுகிறது. விற்பனையாளராக அவர் வெற்றி பெற்றது தனியாள் போட்டியில். கிளை முகாமையாளருக்குத் தேவை அதற்கு நேர்மாறானது.

ஆகவே ஆளைத் தெரிவதற்கும் பதவி உயர்த்துவதற்கும் கட்ஸின் திறன்களையே நான் முன்னிறுத்துவேன். நேர்முகத் தேர்வில் பணிகளைப் பற்றிக் கேட்பதற்குப் பதிலாக, நிறுவனத்தில் உண்மையாகவே நடந்த ஒரு சிக்கலைக் கொடுத்து, அதைக் களஞ்சிய ஊழியருக்குத் தமிழிலும் சாரதிக்குச் சிங்களத்திலும் எப்படிச் சொல்வீர்கள் என்று பேசிக் காட்டச் சொல்லலாம். வகிபாகங்களைப் பதவியேற்ற முதல் வாரத்தில் விளக்கிச் சொன்னால், நாள் துண்டு துண்டாகப் போவதைத் தன் தோல்வி என்று எண்ணிப் புதியவர் கலங்காமல் இருப்பார். பயோலின் பட்டியலை ஆறு மாதம் கழித்து எடுக்க வேண்டும். ஒவ்வொரு பணிக்கும் எதிரே அதை உண்மையில் யார் செய்கிறார் என்று எழுத வேண்டும். திட்டமிடலுக்கும் ஒழுங்கமைத்தலுக்கும் எதிரே இன்னமும் முதலாளியின் பெயரே இருக்குமானால், கையிருப்புக் குறைவுக்கு முகாமையாளரிடம் விளக்கக் கடிதம் கேட்பதற்கு முன்னர், அந்த இரண்டையும் முதலில் அவரிடம் ஒப்படைக்க வேண்டும்.