பேக்கப் ‘ஃபெயில்டு’ மெயிலைக் காட்டிக் காசு பார்க்கிறார்கள், உஷார்

எங்கள் அலுவலகத்தில் ஒரு லினக்ஸ் சர்வர். வாடிக்கையாளர் ஆவணங்களும் ஊழியர்கள் பயன்படுத்தும் ஒரு வெப் அப்ளிகேஷனும் அதில்தான் இருக்கின்றன. தினமும் ராத்திரி ஆர்சிங்க் (rsync) என்ற நகலெடுக்கும் மென்பொருள் ஓடி, எல்லாவற்றையும் இன்னொரு டிஸ்க்கில் நகல் எடுக்கும். பராமரிப்பை ஏ.எம்.சி. (வருடாந்தரப் பராமரிப்பு ஒப்பந்தம்) போட்டு ஒரு கம்பெனியிடம் கொடுத்திருந்தோம். பெயர் சொல்லப் போவதில்லை. செய்த வேலையைச் சொல்கிறேன்.

பேக்கப் தோல்வி என்று அடிக்கடி மெயில் வந்தது. கேட்டதற்கு, “டிஸ்க் போயிட்டிருக்கு சார், மாத்திடுங்க” என்றார் அவர்கள் ஆள். டிஸ்க் பழுது என்பதற்கு ஸ்மார்ட் ரிப்போர்ட் (டிஸ்க் தன் நிலையைத் தானே பதிவு செய்யும் அறிக்கை) எதையும் அவர் காட்டவில்லை. புது டிஸ்க் வாங்கிப் போட்டோம். பொருத்துவதற்குத் தனிக் கட்டணம் வேறு. மெயில் நிற்கவில்லை. திரும்பக் கேட்டபோது, “அது சும்மா வர்ற அலாரம் சார், நான் சரி பண்ணிடறேன்” என்றார். அன்றிலிருந்து தினமும் ‘பேக்கப் வெற்றி’ என்று மெயில். சரி, தீர்ந்தது என்று எல்லோரும் நினைத்தோம்.

அலாரம் பொய்தான், அதில் அவர் சொன்னது உண்மை. ஆர்சிங்க் முதலில் கோப்புகளின் பட்டியலை எடுக்கும், பிறகு ஒவ்வொன்றாக நகலெடுக்கும். வெப் அப்ளிகேஷனின் செஷன் கோப்புகள், அதாவது உள்ளே நுழைந்தவர்களைப் பற்றிய தற்காலிகக் கோப்புகள், நிமிடத்துக்கு நிமிடம் பிறந்து சாகிறவை. பட்டியலில் இருந்த கோப்பு நகலெடுக்கப் போகும்போது இல்லையென்றால், ஆர்சிங்க் கடைசியில் 24 என்ற எண்ணை (எக்ஸிட் கோடு) திருப்பித் தரும். மூலக் கோப்பு மறைந்துவிட்டது என்று அர்த்தம், அவ்வளவுதான். மற்றவை ஒழுங்காகப் போயிருக்கும். ஆனால் பேக்கப்பை ஓட்டும் எங்கள் ஸ்கிரிப்ட் (கட்டளைகள் எழுதிய கோப்பு), வெற்றியைக் குறிக்கும் பூஜ்யம் தவிர எது வந்தாலும் தோல்வி என்று எழுதப்பட்டிருந்தது.

இதற்கு வைத்தியம் சின்னது. செஷன் கோப்புறையைப் பேக்கப்பிலிருந்து விலக்கலாம், இல்லையென்றால் 24 வந்தால் மட்டும் பரவாயில்லை என்று ஸ்கிரிப்டில் சில வரி சேர்க்கலாம். ஆர்சிங்க்கின் மூலநிரலோடு இதற்கென்றே ஒரு குட்டி ஸ்கிரிப்ட் வருகிறது. அந்தக் கம்பெனி ஆள் என்ன செய்திருந்தார் தெரியுமா? எந்த எண் வந்தாலும் வெற்றி என்றே எடுத்துக்கொள்ளும்படி கட்டளையின் வாலில் ஒரு ‘ட்ரூ’ (true) ஒட்டிவிட்டிருந்தார். 23 வந்தால் சில கோப்புகளைப் படிக்கவோ எழுதவோ முடியவில்லை என்று அர்த்தம். 11 என்றால் கோப்பைப் படிப்பதிலோ எழுதுவதிலோ கோளாறு. டிஸ்க் நிரம்பினால் வருவது பெரும்பாலும் இதுதான். அவையும் வெற்றிக் கணக்கில் சேர்ந்தன.

தலையில் கட்டிய அந்தப் புது டிஸ்க்தான் நிரம்பியது. பழைய கோப்புகள் அப்படியே இருக்க, புதிதாக எதுவும் ஏறவில்லை. மெயில் மட்டும் தவறாமல் வெற்றி என்றது. ஓர் ஊழியர் தெரியாமல் ஒரு வாடிக்கையாளரின் கோப்புறையை அழித்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. கிடைத்தது பல மாதம் பழைய நகல். மீதியை வாடிக்கையாளரிடமே கெஞ்சி வாங்கினோம். கம்பெனியிடம் கேட்டால், “மெயில் வராம பண்ணச் சொன்னது நீங்கதானே” என்கிறார்கள்! டிஸ்க்குக்குக் கொடுத்த பணத்தைப் பற்றிப் பேச்சே இல்லை.

பெரிய இடங்களிலும் இந்த மெயில் விவகாரம் காலை வாரியிருக்கிறது. 2017 ஜனவரி 31 அன்று, மென்பொருள் நிரல்களைச் சேமித்து வைக்கும் கிட்லேப் (GitLab) தளத்தில் தவறுதலாக டேட்டாபேஸ் அழிந்தபோது, அன்றாட பேக்கப் தோல்வியடைந்துகொண்டிருந்தது யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. தோல்வி மெயில்களை டிமார்க் (போலி மெயிலைத் தடுக்கும் முறை) சோதனை காரணமாக மெயில் சர்வர் நிராகரித்திருந்தது.

ஏ.எம்.சி.காரர் ‘பேக்கப் ஃபெயில்’ என்று சொல்லி எதையாவது விற்க வந்தால், எக்ஸிட் கோடு என்ன, லாக்கில் எந்தக் கோப்பு என்று கேளுங்கள். லினக்ஸில் கோப்புகளை ஒரே கட்டாகச் சேர்க்கும் டார் (tar) கட்டளை 1 தந்தது என்று சொன்னால், நகலெடுக்கும்போது ஏதோ கோப்பு மாறியிருக்கிறது. அது லாக் கோப்பு என்றால் கவலை இல்லை, டேட்டாபேஸ் கோப்பு என்றால் அந்த நகலை நம்ப முடியாது, டம்ப் (டேட்டாபேஸ் மென்பொருள் வழியாகவே எடுக்கும் நகல்) தனியாக எடுக்க வேண்டும். விண்டோஸில் நகலெடுக்கும் ரோபோகாப்பி (robocopy) கட்டளை 1 தந்தது என்றால் கோப்புகள் நல்லபடியாக நகலாகிவிட்டன என்று பொருள். 8 முதல்தான் தோல்வி. இதைத் தெரியாமலோ தெரிந்தோ தோல்வி என்று காட்டுகிறவர்கள் உண்டு. “இனிமே மெயில் வராது” என்று சொன்னால், ஸ்கிரிப்டில் எந்த வரியை மாற்றினீர்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். வேறு யாரையாவது விட்டு, நேற்று மாறிய ஒரு கோப்பை பேக்கப்பிலிருந்து எடுத்துத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் புது ஆள் இதை வாரா வாரம் செய்கிறார், மெயிலிலும் இப்போது வெற்றி, தோல்வியோடு அந்த எண்ணும் டிஸ்க்கில் மிச்சமுள்ள இடமும் வருகின்றன.