டப்பாவின் முன்பக்கத்தை நம்பி மூன்று மாதம் குடித்தேன்

உடல் எடைக் குறைப்புக்காக அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும், செய்துகொள்ளப் போகிறவர்களும், அவர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்களும் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். புரோட்டீன் பவுடர் விஷயத்தில் நான் ஏமாந்தேன். போன பணத்தை விடுங்கள், அது எப்படியோ போகட்டும். மூன்று மாதம் என் உடம்புக்குச் சேர வேண்டியது சேராமல் போனதே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

எனக்கு நடந்தது இரைப்பை பைபாஸ். வயிற்றின் மேல்பகுதியில் 30 மில்லி கொள்ளும் அளவுக்கு ஒரு சின்னப் பையை மட்டும் விட்டு, அதை நேராகச் சிறுகுடலோடு இணைத்துவிடுவார்கள். ஆஸ்பத்திரியில் மருந்து ஊற்றிக் கொடுக்கிற குட்டிக் கப் இருக்கிறதே, அதுதான் ஆரம்பத்தில் என் முழுச் சாப்பாட்டுக் கிண்ணம். அந்த ஒரு கப் தண்ணீரை மெல்ல மெல்ல உறிஞ்சி முடிக்கவே கால் மணி நேரம் ஆகும். இந்த நிலையில் நாள் ஒன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் உள்ளே போக வேண்டும் என்று டயட்டீஷியன் சொல்லி அனுப்பினார். அது குறைந்தால் உடம்பு கொழுப்போடு சேர்த்துத் தசையையும் கரைக்கத் தொடங்கிவிடும் என்றார். சாப்பாட்டில் அவ்வளவு புரதம் எடுக்க முதல் சில மாதங்களில் வழியே இல்லை. அதனால்தான் ஷேக், அதாவது புரோட்டீன் பவுடரைக் கலக்கிக் குடிப்பது.

இங்கேதான் அந்த மனிதர் வந்தார். தெரிந்தவர் ஒருவர் மூலமாகப் பேசினார். ஊட்டச்சத்து ஆலோசகர் என்று சொல்லிக்கொண்டார். அறுவை சிகிச்சை செய்தவர்களுக்கென்றே தனியாகத் தயாரித்த பவுடர், மருந்துக் கடையில் கிடைக்காது, அவரிடம் மட்டும்தான் என்றார். போனில் அவ்வளவு அக்கறையாக விசாரித்தார். தையல் ஆறிவிட்டதா, தூக்கம் வருகிறதா, குமட்டல் இருக்கிறதா என்றெல்லாம் கேட்டார். வீடு திரும்பிப் பத்து நாள்கூட ஆகாதவளுக்கு இப்படி யாராவது கேட்டால் மனசு இளகிவிடும். மூன்று மாதத்துக்குச் சேர்த்து வாங்கினால் குறைத்துத் தருகிறேன் என்றார். மொத்தப் பணத்தையும் அனுப்பிவிட்டேன்.

டப்பாவின் முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் ‘ஒரு முறைக்கு 20 கிராம் புரதம்’. அதற்குக் கீழே ‘சர்க்கரை சேர்க்கப்படவில்லை’. சரி, ஒரு நாளைக்கு மூன்று முறை, மூன்று இருபது அறுபது, கணக்கு சரியாகிவிட்டது என்று நினைத்தேன். ஒரு ஸ்கூப்பைத் தண்ணீரில் கலக்கி, மணிக்கணக்கில் உறிஞ்சிக் குடித்தேன்.

முதல் வாரத்திலேயே ஒரு தொந்தரவு ஆரம்பித்தது. குடிக்கத் தொடங்கிக் கால் மணி நேரத்தில் நெஞ்சு படபடவென்று அடிக்கும், முதுகு முழுக்க வேர்க்கும், வயிறு முறுக்கும். சில நாள் அப்படியே தரையில் படுத்துவிடுவேன். அவருக்குப் போன் செய்தேன்.

“அது ஒண்ணும் இல்லைம்மா, உடம்புல இருக்கிற கழிவெல்லாம் வெளியேறுது. ரெண்டு வாரம் பொறுத்துக்கோங்க, பழகிடும்.”

பழகவில்லை. மூன்றாவது மாதம் தலை வாரினால் சீப்பில் கொத்தாக முடி வந்தது. மாடிப்படி நாலு ஏறினால் தொடை நடுங்கியது. சாயங்காலம் செருப்பைக் கழற்றினால் அதன் வார் பதிந்த தடம் பாதத்தில் பள்ளமாகவே நிற்கும். விரலால் அமுக்கினால் குழி விழும், மேலே வர நேரமாகும். முடி கொட்டுவதை மட்டும் வைத்து நான் அந்தப் பவுடரைக் குற்றம் சொல்லவில்லை. இந்த அறுவை சிகிச்சைக்குப் பிறகு மூன்றாவது மாதத்தை ஒட்டி, நன்றாகச் சாப்பிடுகிறவர்களுக்கும் முடி கொட்டும், பெரும்பாலும் திரும்ப வளர்ந்துவிடும். ஆனால் கால் வீக்கம் அப்படிப்பட்டதில்லை. ரத்தப் பரிசோதனையில் ஆல்புமின் என்ற ரத்தப் புரதம் 2.9 என்று வந்தது. 3.5-க்குக் கீழே போகக் கூடாது.

டயட்டீஷியன், “நீங்க குடிக்கிற டப்பாவை அப்படியே எடுத்துட்டு வாங்க” என்றார். கொண்டுபோனேன். அவர் முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. கையில் வாங்கியதும் திருப்பினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, டப்பாவை முகத்துக்கு அருகில் வைத்துப் படித்தார். பிறகு ஒரு பேனாவை எடுத்து, அடியில் எறும்பு ஊர்வதுபோல் இருந்த ஒரு வரியைக் கோடிட்டுக் காட்டினார். ‘ஒரு முறை என்பது இரண்டு ஸ்கூப், 250 மில்லி பாலில் கலந்தது.’

நான் குடித்தது ஒரு ஸ்கூப். அதுவும் தண்ணீரில்.

அவர் ஒரு தாளில் கணக்குப் போட்டார். 250 மில்லி பாலிலேயே ஏறக்குறைய 8 கிராம் புரதம் இருக்கிறது. இருபதில் எட்டு போனால் பன்னிரண்டு. அது இரண்டு ஸ்கூப்புக்கு. ஆக ஒரு ஸ்கூப்பில் 6 கிராம். மூன்று வேளைக்கும் சேர்த்து 18. அறுபது என்று நம்பி நான் குடித்தது பதினெட்டு. 250 மில்லி பாலை ஒரு வேளைக்கு என்னைப் போன்ற ஒருத்தியால் குடிக்கவே முடியாது என்பது, அறுவை சிகிச்சை செய்தவர்களுக்காகவே தயாரித்ததாகச் சொன்னவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

அந்தப் பதினெட்டும் உருப்படியான புரதமாக இருந்ததா என்றால், அதுவும் இல்லை. சேர்பொருள் பட்டியலில் எது எடையில் அதிகமோ அதைத்தான் முதலில் எழுத வேண்டும். முதலில் இருந்தது மால்ட்டோடெக்ஸ்ட்ரின். இரண்டாவது கொலாஜன், விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஒரு புரதம். பாலிலிருந்து எடுக்கும் வே புரோட்டீன் அதற்கும் பிறகுதான்.

மால்ட்டோடெக்ஸ்ட்ரின் என்பது மாவுப்பொருளை உடைத்துச் செய்யும் ஒரு தூள். லேபிளில் ‘சர்க்கரை’ என்ற வரியில் அது பெரும்பாலும் வராது, ‘மொத்த கார்போஹைட்ரேட்’ வரியில்தான் வரும். உள்ளே போனதும் அது வேகமாகக் குளுக்கோஸாகிவிடும். என் டப்பாவில் 40 கிராம் ஸ்கூப்புக்குச் சர்க்கரை 2 கிராம், கார்போஹைட்ரேட் 30 கிராம். பைபாஸ் செய்தவருக்கு இப்படிப்பட்டது தங்குதடையில்லாமல் சிறுகுடலில் போய் விழும்போது, குடல் உடம்பிலிருந்து தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். படபடப்பு, வியர்வை, வயிற்றுப் பிடிப்பு எல்லாம் அதனால்தான். டம்பிங் என்பார்கள். சாப்பிட்ட பத்து நிமிடத்திலிருந்து அரை மணிக்குள் வரும். சிலருக்கு ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து ரத்தச் சர்க்கரை இறங்கித் தலைசுற்றலாகவும் வரும். இதைத்தான் அந்த மனிதர் ‘கழிவு வெளியேறுது’ என்றார். உங்களிடம் யாராவது இந்த வார்த்தையைச் சொன்னால் அந்த நிமிடமே போனை வைத்துவிட்டு உங்கள் மருத்துவக் குழுவைக் கூப்பிடுங்கள்.

கொலாஜன் பற்றியும் சொல்லியாக வேண்டும். தோலுக்கு, முடிக்கு, மூட்டுக்கு என்று நம் காதில் ஓதிக்கொண்டே இருக்கிறார்கள். புரதத்தைக் கட்டும் செங்கற்கள் போன்றவை அமினோ அமிலங்கள். அவற்றில் நமக்கு வெளியிலிருந்து கிடைத்தே ஆக வேண்டியவை ஒன்பது. அதில் டிரிப்டோஃபான் என்ற ஒன்று கொலாஜனில் அறவே இல்லை. தரத்தை அளக்கிற பிடிகாஸ் என்ற மதிப்பெண்ணில் வே புரோட்டீனுக்கு முழு மதிப்பெண் 1, கொலாஜனுக்குப் பூஜ்யம். ஆனால் லேபிளில் கிராம் கணக்குக்கு இரண்டும் ஒன்றுதான், இரண்டும் ‘புரதம்’தான். ஷேக்கில் மற்றப் புரதத்தோடு கொஞ்சம் கொலாஜன் இருந்தால் கேடில்லை. அதை முழுப் புரதமாக நினைத்து 60 கிராம் கணக்கில் சேர்க்காதீர்கள், அவ்வளவுதான்.

எனக்கு இன்றைக்கும் மனசு கொதிப்பது இன்னொரு விஷயத்துக்கு. “இதிலேயே இருபத்தாறு விட்டமின் இருக்கு, ஆஸ்பத்திரி மாத்திரை வேண்டாம்மா, ரெண்டும் சேர்ந்தா ஓவராயிடும்” என்று அவர் சொன்னதைக் கேட்டு, ஐந்து வாரம் மாத்திரைகளை நிறுத்தியிருந்தேன். பைபாஸ் செய்தவர்களுக்குப் பி12, இரும்பு, கால்சியம், விட்டமின் டி எல்லாம் வாழ்நாள் முழுக்க வேண்டும். தயமின் என்ற பி1 உடம்பில் இரண்டு மூன்று வாரத்துக்குத்தான் கையிருப்பு நிற்கும். தொடர்ந்து வாந்தியும் இருந்து அதுவும் தீர்ந்துபோனால் நரம்பையும் மூளையையும் தாக்கும், சில சமயம் திரும்பச் சரிசெய்ய முடியாத அளவுக்கு. எனக்கு வாந்தி இல்லாததால் தப்பித்தேன் என்று டாக்டர் சொன்னபோது நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். எந்தப் பவுடரும் அந்த மாத்திரைகளுக்கு ஈடாகாது. அவற்றை நிறுத்தச் சொல்லும் உரிமை விற்பவருக்குக் கிடையாது.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். பிரித்த டப்பாவைத் திரும்ப வாங்குவதில்லை என்றார். ஒன்று பிரிக்காமலே இருக்கிறதே என்றேன். அதன் பிறகு என் எண்ணை அவர் எடுப்பதே இல்லை. நிறுவனத்தின் பெயரை ஏன் எழுதவில்லை என்று கேட்பீர்கள். பெயரை மாற்றி வேறு டப்பாவில் அதே சரக்கு நாளைக்கே வரும். பின்பக்கத்தைப் படிக்கத் தெரிந்திருந்தால் எந்தப் பெயரில் வந்தாலும் பிடித்துவிடலாம்.

அந்த அவசரத்தில் என் கணவர் வேறொரு டப்பா வாங்கி வந்தார். 30 கிராம் ஸ்கூப்பில் 25 கிராம் புரதம், பார்க்க அருமையான கணக்கு. இந்த முறை பிரிக்காமலே டயட்டீஷியனிடம் கொண்டுபோனோம். பட்டியலில் கிளைசின், டாரின் என்ற அமினோ அமிலங்கள் தனித்தனியாக இருந்ததைக் காட்டினார். ஆய்வகத்தில் புரதத்தை வழக்கமாக நேரடியாக அளப்பதில்லை. கெல்டால் முறை என்று ஒன்று, அதில் நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்கிப் புரதம் இவ்வளவு என்பார்கள். அதனால் விலை குறைந்த, நைட்ரஜன் உள்ள எதையாவது கலந்துவிட்டால் எண் ஏறிவிடும், புரதம் ஏறாது. 2008-இல் சீனாவில் குழந்தைகளின் பால் பவுடரில் மெலமைன் என்ற தொழிற்சாலை ரசாயனத்தைக் கலந்தது இதே ஓட்டையில் நுழைந்துதான். ஏறக்குறைய மூன்று லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள், ஆறு குழந்தைகள் இறந்தார்கள். கிளைசினும் டாரினும் மெலமைன் மாதிரி விஷம் இல்லை. ஆனால் நமக்கு அது வெறும் எண்தான். ‘புரோட்டீன் பிளென்ட்’ என்று ஒரே பெயருக்குள் நாலைந்தை அடைத்து, எது எவ்வளவு என்று சொல்லாமல் விடுகிற டப்பாக்களையும் அவர் ஒதுக்கச் சொன்னார்.

இப்போது நான் குடிப்பது வே ஐசோலேட். அதில் ஏறக்குறைய 90 விழுக்காடு புரதம், லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை மிகக் குறைவு. வே கான்சென்ட்ரேட் என்பதில் புரதம் அதைவிடக் குறைவு, லாக்டோஸ் கூடுதல். அறுவைக்குப் பிறகு பலருக்கும் பால் ஒத்துக்கொள்ளாமல் போய்விடுவதால் இந்த வித்தியாசம் வயிற்றில் தெரியும். கடையில் நின்று செய்வது ஒரே ஒரு கணக்கு: புரதத்தின் எடையை ஸ்கூப்பின் எடையால் வகுக்கிறேன், பவுடர் மட்டும், பால் சேர்க்காமல். பழைய டப்பாவை அப்படி வகுத்துப் பார்த்தேன், நாற்பதில் ஆறு, பதினைந்து விழுக்காடு! பிறகு சார்பிட்டால், மால்ட்டிடால் போல ‘டால்’ என்று முடிகிற இனிப்புகள் இருக்கிறதா என்று பார்க்கிறேன், அவை எனக்கு வயிற்றை ஊதவைத்துப் பேதியாக்கின. என்.எஸ்.எஃப், இன்ஃபார்ம்ட் ஸ்போர்ட் போன்ற வெளிச் சோதனை முத்திரை இருந்தால், அதை அந்த அமைப்பின் தளத்திலேயே போய்ச் சரிபார்க்கிறேன். முத்திரையை யார் வேண்டுமானாலும் அச்சடித்துவிடலாம் அல்லவா. அப்புறம், மொத்தமாக வாங்குவதே இல்லை. அறுவைக்குப் பிறகு நாக்கின் ருசியே மாறிவிடும், போன வாரம் பிடித்தது இந்த வாரம் குமட்டும். சின்னப் பொட்டலமாக வாங்கிக் குடித்துப் பார்த்த பிறகுதான் டப்பா. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் 60 கிராம் என்ற எண்ணைக்கூட என்னிடமிருந்து எடுத்துக்கொள்ளாதீர்கள், உங்கள் அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

ஆறு வாரத்தில் கால் வீக்கம் வடிந்தது. படி ஏற முடிகிறது.

ஆனால் ஒன்று மிச்சம் இருந்தது. ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண்ணுக்கு அந்த மனிதரின் எண்ணைக் கொடுத்ததே நான்தான். “நல்லா அக்கறையா பேசுறார்மா, வாங்கிக்கோ” என்று என் வாயாலேயே சொல்லியிருந்தேன். இரண்டு நாள் தயங்கிவிட்டு அவளைக் கூப்பிட்டேன். டப்பாவை எடுத்து வரச் சொன்னேன், திருப்பச் சொன்னேன், பட்டியலின் முதல் வார்த்தையைப் படிக்கச் சொன்னேன். அந்த வார்த்தை அவளுக்கும் புதுசு. எழுத்துக் கூட்டி, நிறுத்தி நிறுத்திப் படித்தாள். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு கேட்டாள்: “அக்கா, இன்னிக்கு மூணு வேளையும் இதைத்தானே குடிச்சிருக்கேன்... எனக்கும் காலு வீங்கிருக்குக்கா.”

மறுநாள் காலையில் அவளை அழைத்துக்கொண்டு நானே டயட்டீஷியனிடம் போனேன். இரண்டு டப்பாவும் பையில் இருந்தன.