மாசமாக இருக்கும்போதா, பிள்ளை பெற்ற பிறகா?

உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் வீட்டில் டி.டி. ஊசிக்கு (ரண ஜன்னி தடுப்பு) யாரும் முகம் சுளித்ததில்லை. மருமகளுக்கு ஃப்ளூ ஊசி என்றதும் அத்தை, "மாசமா இருக்கிற பிள்ளைக்கு அது எதுக்குத்தா? பெத்தெடுத்து வரட்டும், பாத்துக்கலாம்" என்றார். சரி, மாசமாக இருக்கும்போது ஃப்ளூ ஊசி போடுவது, பிரசவத்துக்கு அப்புறம் போடுவது, இரண்டையும் வைத்துப் பார்ப்போம்.

மாசமாக இருக்கும்போது போட்டால் ஒரே ஊசியில் இரண்டு பேருக்குப் பலன். சுமார் 2 வாரத்தில் தாயின் உடலில் உருவாகும் எதிர்ப்புச் சக்தி நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கும் போகும். பிறந்து 6 மாதம் ஆகும்வரை குழந்தைக்கு இந்த ஊசி போட முடியாது என்பதால் இதுதான் பெரிய விஷயம். எந்த மாதத்திலும் போடலாம். செயலிழக்கச் செய்த வைரஸ் என்பதால் ஊசியால் ஃப்ளூ வராது. கைவலி, ஓரிரு நாள் லேசான காய்ச்சல் வரலாம். (மூக்கில் அடிக்கும் உயிருள்ள வைரஸ் மருந்து மட்டும் கர்ப்பிணிகளுக்கு ஆகாது.) 2012-லேயே உலக சுகாதார நிறுவனம் கர்ப்பிணிகளுக்கு முதலிடம் தரச் சொன்னது.

பிரசவத்துக்கு அப்புறம் போடுவதும் வீண் அல்ல. பால் கொடுக்கும்போதும் போடலாம். தாய்க்கு வராவிட்டால் பிள்ளைக்கு ஒட்டுவதும் குறையும். ஆனால் நஞ்சுக்கொடி வழிப் பாதுகாப்பு போனது போனதுதான். ஐப்பசி மழையில் ஊரே இருமும்போது பிரசவம் என்றால், தள்ளிப்போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அத்தை இன்னும் யோசிக்கிறார். மருமகள் டாக்டரிடம் தேதி கேட்டுவிட்டாள்.