முக்கோணம் நகர்ந்தால் மையமும் நகர வேண்டும்: மெட்டாபோஸ்டுடன் ஒன்பது ஆண்டுகள்

லேடெக் (LaTeX) என்ற அச்சுக்கோப்பு மென்பொருளில் வடிவியல் பயிற்சித் தாள்கள் தயாரிக்கத் தொடங்கி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. முதல் ஆண்டில் படங்களைச் சுட்டியால் இழுத்து வரைந்து ஒட்டினேன். பக்க அளவை மாற்றியதும் படத்திலிருந்த எழுத்துகள் எறும்பாகச் சிறுத்துவிட்டன. எழுபது படங்களையும் மறுபடி வரைந்த அந்த வாரத்தில்தான் குறிமுறையால், அதாவது கட்டளைகளை எழுதி, வரையும் கருவிகளைத் தேடினேன்.

எல்லாரையும் போல, லேடெக்குக்குள்ளேயே படம் வரையும் டிக்ஸ் (TikZ) தொகுப்பில் தொடங்கினேன். டில் டான்டாவ் உருவாக்கியது. கையேடு ஆயிரம் பக்கத்தைத் தாண்டும், ஆனாலும் அதன் தொடக்கப் பாடங்களே பாதி வேலைக்குப் போதும். மர வரைபடம், பாய்வுப் படம் என்றால் இன்றும் அதைத்தான் எடுக்கிறேன். சார்புகளில்தான் இடறினேன். ஓர் அலகு ஒரு சென்டிமீட்டர் என்று வைத்து முப்படிச் சார்பை (x³) ஒன்பதுவரை வரையச் சொன்னால் 729 செ.மீ. உயரம் கேட்கிறது. லேடெக்கின் அடித்தளமான டெக்ஸ் (TeX) தாங்கும் நீளமோ சுமார் 576 செ.மீ.தான், 'அளவு மிகப் பெரிது' என்று நின்றுவிடும். அச்சுகளோடு கூடிய வரைபடங்களுக்கு பிஜிஎஃப்பிளாட்ஸ் தொகுப்பைச் சேர்த்த பிறகே நிம்மதி.

என் மனத்தைப் பறித்தது மெட்டாபோஸ்ட் (MetaPost) என்ற வரைமொழி. டெக்ஸை உருவாக்கிய டொனால்ட் கனூத்தின், எழுத்துருக்களை வடிவமைக்கும் மெட்டாஃபான்ட் மொழியை அடியொற்றி ஜான் ஹாபி எழுதியது. இதில் புள்ளியின் ஆயத்தொலைவுகளை நாம் கணக்கிட வேண்டியதில்லை. அது நிறைவேற்ற வேண்டிய நிபந்தனையைச் சொன்னால் போதும். முக்கோணத்தின் செங்கோட்டு மையம் (உச்சிகளிலிருந்து எதிர்ப்பக்கங்களுக்கு வரையும் செங்குத்துகள் சந்திக்கும் புள்ளி) வேண்டுமா? உச்சியிலிருந்து மையத்துக்குச் செல்லும் திசையையும் எதிர்ப்பக்கத்தின் திசையையும் புள்ளிப் பெருக்கல் செய்தால் பூச்சியம் என்று ஒரு வரி, அடுத்த உச்சிக்கு அதே போல இன்னொரு வரி. இரண்டு நேரியல் சமன்பாடுகளையும் அதுவே தீர்த்துக்கொள்கிறது. ஓர் உச்சியை நகர்த்தி விரிகோண முக்கோணமாக்கினேன். வேறு எந்த வரியையும் தொடாமலே மையம் முக்கோணத்துக்கு வெளியே போய் அமர்ந்தது. கரும்பலகையில் நாம் சொல்லும் நிரூபணமும் படத்தின் குறிமுறையும் ஒன்றாகவே இருப்பதில் எனக்கு இன்றும் மகிழ்ச்சி.

குறை உண்டு. இயல்புநிலையில் 4096-ஐ எட்டும் எண்கள் அதற்கு ஆகாது. பெரிய எண்களையும் ஏற்கும் இரட்டைத் துல்லிய முறைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். பிழைச் செய்திகளும் புதியவர்களை மிரட்டும். லேடெக்கின் ஒரு வகையான லுவாலேடெக்கில் மெட்டாபோஸ்ட் குறிமுறையை ஆவணத்துக்குள்ளேயே எழுதலாம் என்பதால் தனித்தனிக் கோப்புகளின் தொல்லை ஓய்ந்தது.

கூம்பு வெட்டுகள் போன்ற முப்பரிமாணப் படங்களுக்கு மட்டும் அசிம்ப்டோட் (Asymptote) என்ற இன்னொரு வரைமொழி. சுழற்றிப் பார்க்கக்கூடிய பிடிஎஃப் தருகிறது, ஆனால் எல்லா வாசிப்பு மென்பொருளிலும் அது சுழல்வதில்லை. ஆகவே மாணவர்களுக்குக் கொடுக்கும்போது கூம்பை மூன்று கோணங்களில் படமாக்கி அச்சிட்டுவிடுகிறேன்.